ஒன்பதாவது வளைவில் ஒரு மர்ம நாவல்

ஏற்காடு பஸ், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. முன்சீட்டுப் பெண் மர்ம நாவலில் மூழ்கியிருந்தார். பின்னட்டையில் கொட்டை எழுத்து: தலையில் அடி, பெயரே மறந்துபோன நாயகன்.

அங்கேதான் பல நாவல்கள் சறுக்குகின்றன.

அடிபட்ட மூளையில் சொந்தப் பெயர் சுலபத்தில் அழியாது. முதலில் போவது அடிபடுவதற்குச் சற்று முன் நடந்தவை. அதைவிடக் கொடுமை, பிறகு நடப்பது எதுவும் பதியாமல் போவது. இன்னொரு அடி விழுந்தால் நினைவு திரும்பாது. நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

1953-ல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்புக்காக மூளையின் இருபுறமும் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸின் கணிசமான பகுதியை எடுத்துவிட்டார்கள். புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது. பயிற்சி செய்ததே அவருக்கு ஞாபகமில்லை!

டிரைவரைக் கவனித்தேன். பார்வை முழுக்க வளைவில். இடது கை தானாக இறங்கி கியரை மாற்றியது.

எழுதுகிறவர்களே, தடயத்தை அந்தக் கையில் வையுங்கள். உங்கள் நாயகன் நினைவிழந்த ஒரு டிரைவர். 20 வளைவும் கைக்குத் தெரிகிறது. காலையில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் தெரியவில்லை. டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவைத்ததை அவர் அடிக்கடி எடுத்துப் படிக்கட்டும்.

அதில் ஒரு வரி வேறு கையெழுத்தில் இருக்கட்டும்.