ஒட்டிக்கொண்ட ‘லிப்’

திருநகரில் இருக்கும் சித்தப்பா போன வாரம் ஒரு பழைய சிடியைக் கையில் கொடுத்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாட்டிகள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் கேட்டு எழுதி, தானே டைப் அடித்து வைத்தது. யூனிகோடு பரவாத காலம், அதனால் அத்தனையும் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்தில். இன்றைக்குத் திறந்தால் ஒரு எழுத்து புரியாது.

லினக்ஸில் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற நிரல் நூலகத்துக்குத் திஸ்கி தெரியும். குறியேற்றம் மாற்றுவதற்கென்றே அதிலுள்ள ஐகான்வ், திஸ்கியை யூனிகோடாக மாற்றிக் கொடுத்துவிடும். திஸ்கியில் ‘கொ’ என்றால் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் க முதலில், அப்புறம்தான் ஒகரக் குறி. இந்த இடமாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பாட்டுக்கு ஒரு கோப்பாகப் பிரிக்கவும் வேண்டியிருந்ததால் சி மொழியில் சின்ன நிரல் எழுதினேன்.

கம்பைல் ஆனது. லிங்க் ஆகும்போது, அதாவது நூலகத்தோடு இணைக்கும்போது, நின்றுவிட்டது. ‘லிப்ஐகான்வ்_ஓப்பன்’ என்று எதுவும் இல்லையாம். நான் எழுதியது, மாற்றும் வேலையைத் தொடங்கச் சொல்லும் வெறும் ‘ஐகான்வ்_ஓப்பன்’. முன்னால் இந்த லிப் எப்படி வந்தது?

ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். எப்போதோ வேறு வேலைக்காக, ஐகான்வ் வேலையையே செய்யும் குனு லிப்ஐகான்வ் என்ற தனி நூலகத்தை நிறுவி, பிறகு நீக்கியிருக்கிறேன். நூலகத்தில் உள்ள பெயர்களை நிரலுக்குச் சொல்லும் ஹெட்டர் என்ற கோப்பு மட்டும் யூஸ்ஆர் லோக்கல் என்ற கோப்புறையில் தங்கிவிட்டது. நிரலைக் கம்பைல் செய்யும் ஜிசிசி, கணினியின் சொந்த ஹெட்டர்களுக்கு முன்னால் அந்த இடத்தைத்தான் பார்க்கும். அந்த ஹெட்டரோ, ஐகான்வ்_ஓப்பன் என்று யார் எழுதினாலும் முன்னால் லிப் சேர்த்துவிடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு முத்து இருந்தால் பெரிய முத்து, சின்ன முத்து என்று கூப்பிடுவோமே, அதுபோல. கணினியோடு வரும் ஐகான்வோடு மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெயரை மாற்றியது ஹெட்டர் என்று பிழைச்செய்தி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

மேக் கணினியில், மென்பொருள்களை நிறுவித் தரும் மேக்போர்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். கணினியின் ஹெட்டரைப் படித்துவிட்டு மேக்போர்ட்ஸ் நூலகத்தோடு சேர்த்தால், லிப் இல்லாத பெயரைக் காணோம் என்று நிற்கும். எனக்கு வந்தது போன்ற பிழைக்கு ‘மைனஸ் எல்ஐகான்வ் சேர்’, அதாவது லிப்ஐகான்வ் நூலகத்தோடு இணை, என்று பலரும் சொல்வார்கள். அந்த நூலகம் இருந்தால்தானே அது உதவும்? முதலில் ஜிசிசிக்கு மைனஸ் போட்டுப் பெரிய எச் கொடுங்கள். எந்த ஹெட்டரை எங்கிருந்து எடுக்கிறது என்று முழுப் பாதையோடு காட்டும். எனக்கு அதில்தான் பிடி கிடைத்தது.

அந்த ஹெட்டரை நீக்கியதும் நிரல் ஓடியது. முதல் பாட்டிலேயே ‘கொத்தமல்லி’ வந்தது, கொம்பும் காலும் அதனதன் இடத்தில். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். கடைசி வரியில் பாடியவர் பெயர் வந்திருக்கிறதா, அதைப் பாரப்பா என்றார்.

வந்திருந்தது.