ஒரு வழியா .308 கேஸ் எல்லாம் 2 தௌல நிக்குது

சுட்ட .308 ரைஃபிள் தோட்டாவோட பித்தளை கேஸ (காலி கூடு) திரும்ப ரொப்பறதுக்காக டைல (அச்சு) விட்டு சைஸ் பண்ணிட்டு இருக்கேன். ஷோல்டர் பம்ப், அதாவது நெக்குக்கு (குண்டு உக்கார்ற வாய்) கீழ இருக்கற சரிவ பின்னாடி தள்ற அளவு, மொத்த பித்தளையிலயும் 2 தௌக்கு (1 தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வந்துடுச்சு, கூடுனா ஒன்னு அப்படி இப்படி. என்னோடது கையால இழுத்து ஏத்தற போல்ட் ஆக்‌ஷன், இதுக்கு மேல தள்ள எனக்கு இஷ்டமே இல்ல. தேவையில்லாம பின்னாடி தள்ளிட்டே இருந்தா ஒவ்வொரு தடவை சுடும்போதும் கேஸ் இழுபட்டு அடிப்பக்கம் மெலிஞ்சுகிட்டே போகும், ஒருநாள் பளிச்சுன்னு ஒரு வளையம் தெரியும், அப்புறம் குப்பைதான். தானா அடுத்த தோட்டாவ ஏத்தற செமி ஆட்டோக்காரங்க 3-4 விடுவாங்க, அவங்க கதை வேற.

டையை ஷெல் ஹோல்டர்ல (பிரஸ்ங்கற லீவர் மெஷின்ல கேஸோட அடிய புடிச்சிருக்கற துண்டு) முட்டவிட்டு இன்னும் கொஞ்சம் சுத்துன்னு டையோட வர்ற பேப்பர்ல போட்டிருப்பான் பாருங்க, அத வச்சு அளவு புடிக்கவே முடியாது. டையோட மரை இன்ச்சுக்கு 14, ஒரு முழு சுத்துக்கு 71 தௌ இறங்கும். அப்போ 1 தௌன்னா வெறும் 5 டிகிரி! டையை புடிச்சு நிறுத்தற லாக் ரிங்க டைட் பண்ற அசைவுலயே அது போயிடும். அதனால டை மேலயும் பிரஸ் மேலயும் மார்க்கர்ல கோடு போட்டுட்டுதான் கைய வைக்கறேன். இன்னொன்னு, டையை இறக்க இறக்க முதல்ல ரீடிங் (அடியிலருந்து ஷோல்டர் வரைக்கும் நீளம்) குறையாது, கூடும். பாடிய அமுக்குனா பித்தளை வேற எங்க போகும், ஷோல்டர் முன்னாடிதான் வரும், அதையும் தாண்டி இறக்குனாதான் பின்னாடி நகரும்.

சரி, செட் பண்ணியாச்சு, ஆனா அதே செட்டிங்ல ஒரு கேஸ் பம்ப் 1 தௌ காட்டுது இன்னொன்னு 4 காட்டுது, மண்டை காஞ்சிடுச்சு. அடியில இருக்கற பழைய ப்ரைமர (மருந்த பத்த வைக்கற சின்ன மூடி) எடுத்துட்டுதான் கம்பாரேட்டர்ல (ஷோல்டர் வரைக்கும் நீளத்த அளக்கற கருவி) அளக்கறேன், ப்ரைமர் துருத்திகிட்டு இருந்து பொய் சொல்லவும் வாய்ப்பில்ல. கடைசியா டைக்குள்ள ப்ரைமர தள்ளி எடுக்கற டீகேப்பிங் ராடையே கழட்டி வச்சுட்டு ஓட்டுனா எல்லாம் ஒரே ரீடிங்! அந்த ராட்ல இருக்கற, நெக்க உள்ளருந்து விரிக்கற எக்ஸ்பாண்டர் பால்தான் திருடன். வெளிய வரும்போது நெக்க கவ்வி இழுத்து, அதோட ஷோல்டரையும் முன்னாடி கூட்டிட்டு வருது, அந்த கீச்சு சத்தமே அதுதான். ராட திரும்ப மாட்டி, நெக் உள்ளுக்குள்ள பிரஷ்ல லூப் (வழுக்கறதுக்கான பசை) தடவி ஓட்டுனேன், சத்தமும் இல்ல அந்த பெரிய வித்தியாசமும் இல்ல. லீவரையும் சடார்னு இழுக்காம மேல கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கறேன், பித்தளை திரும்பி வர்றது கொறையுது.

லூப்புக்கு லனோலின், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கலவைதான், காசு கொடுத்து ஸ்ப்ரே வாங்கறத நிறுத்தியாச்சு. ஆல்கஹால் நல்லா காயணும், அவ்ளோதான். ஷோல்டர்ல லூப் தேங்குச்சுன்னா குழி விழும், கொறஞ்சா கேஸ் டைக்குள்ளயே மாட்டிக்கும், ரெண்டாவது வந்தா அன்னிக்கு வேலை முடிஞ்சுது.

மிச்சம் இருக்கற அந்த 1 தௌ வித்தியாசம் பித்தளை இறுகிப் போனதாலன்னுதான் தோணுது, அனீலிங் (சூடு பண்ணி இளக வைக்கறது) பண்ணாம அது போகாது. ரெட்டிங் காம்பெட்டிஷன் ஷெல் ஹோல்டர் செட் மேலயும் ஒரு கண்ணு இருக்கு, 2-லருந்து 10 தௌ வரைக்கும் அஞ்சு வரும், டையை தொடாமலே பம்ப மாத்திக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி மாண்ட்ரல் (நெக்குக்குள்ள தள்ளி விரிக்கற கம்பி) வாங்கி இந்த எக்ஸ்பாண்டர் பால தூக்கிப் போடணும். ட்ரிம்மிங் (கேஸ் நீளத்த வெட்டி கொறைக்கறது) இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, சைஸ் பண்ணதுல சிலது 2.015 இன்ச்ச தாண்டி நிக்குது, எல்லாத்தையும் 2.005-க்கு கொண்டு வரணும், அத நினைச்சாலே கை வலிக்குது.