மஞ்சள் நிறத்தை எப்படிப் படிப்பது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் டெக்சாஸ், ஒக்லஹோமா, கான்சஸ் பகுதிகளில் வாழும் நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு வரைபடம் வலம்வரத் தொடங்கும். ஒக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம், கடும் இடிமழைக்கான வாய்ப்பை ஐந்து நிலைகளாகப் பிரித்து, கரும்பச்சை முதல் மெஜந்தா வரை நிறம் தீட்டி வெளியிடும் படம் அது. தம் ஊர் மஞ்சளில் இருப்பதைக் கண்டதும், "ஐந்தில் இரண்டுதானே" என்று பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பதே என் எண்ணம்.

இரண்டாம் நிலை பல வழிகளில் வரலாம். ஓர் இடத்தைச் சுற்றி 25 மைலுக்குள் டொர்னாடோ என்னும் சூறாவளிச் சுழல் உருவாகும் வாய்ப்பு 5 விழுக்காடாக இருந்தாலும் மஞ்சள்தான். ஒரு அங்குல ஆலங்கட்டியோ, மணிக்கு 58 மைல் வேகக் காற்றோ வரும் வாய்ப்பு 15 விழுக்காடாக இருந்தாலும் மஞ்சள்தான். காரைக் கூரைக்குள் நிறுத்த வேண்டிய நாளும், குடும்பத்தோடு ஜன்னலில்லாத அறைக்குள் ஒடுங்க வேண்டியிருக்கக்கூடிய நாளும் ஒரே நிறத்தில் தெரிகின்றன. ஆகவே, டொர்னாடோ, காற்று, ஆலங்கட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனியே உள்ள படங்களையும், அவற்றோடு வரும் விளக்கவுரையையும் பார்ப்பதே நல்லது. உரை சற்று வறட்டுத்தனமானதுதான். ஆனால் முன்கணிப்பாளரின் ஐயங்கள் அதில்தான் வெளிப்படும்.

அந்த ஐயங்களில் அடிக்கடி தலைகாட்டுவது 'மூடி' எனப்படும் வெப்பக் காற்று அடுக்கு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையையொட்டி வடக்கே வருகிறது. அதன்மேல், தென்மேற்கு மேட்டுநிலங்களில் சூடேறிய வறண்ட காற்று வந்து கவிகிறது. பிற்பகலில் மேகங்கள் காலிபிளவர் போலப் பொங்கி எழுந்து, ஓர் உயரத்தில் தடைபட்டு, ஓரங்கள் கலைந்து மறைவதைப் பார்க்கலாம். மூடி கடைசிவரை உடையாவிட்டால் அன்று சொட்டு மழைகூட இருக்காது. மாலையில் உடைந்தால், அதுவரை அடியில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் ஒரு சில மேகங்களுக்கே கிடைத்துவிடும். உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறினால் அம்மேகங்கள் சுழலவும் தொடங்கும். மறுநாள் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று கேலி செய்வோர் இதை நினைவில் கொள்ளலாம்.

உயர்நிலை அறிவிப்பும் உறுதிமொழி அல்ல. 2019 மே 20 அன்று ஐந்தாம் நிலை அறிவிக்கப்பட்டு, டொர்னாடோ வாய்ப்பு 45 விழுக்காடு எனக் குறிக்கப்பட்டு, ஒக்லஹோமா சிட்டி உட்படப் பல இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. டொர்னாடோக்கள் வந்தன; அஞ்சிய அளவுக்குப் பேரழிவு நேரவில்லை. பள்ளிகளை மூடியது தவறு என்று நான் கருதவில்லை.

முன்னறிவிப்பு நாளைத் திட்டமிட உதவும்; உயிர் காப்பது 'வார்னிங்' எனப்படும் உடனடி ஆபத்து எச்சரிக்கைதான். நார்மன் மையம் தரும் 'வாட்ச்', அதாவது புயலுக்கு ஏற்ற சூழல் இருக்கிறது என்னும் முன்னெச்சரிக்கை, பல மாவட்டங்களுக்குச் சில மணி நேரம் பொருந்தும். வார்னிங்கை அந்தந்த வட்டார வானிலை அலுவலகம் குறிப்பிட்ட சிறு பகுதிக்கு மட்டும் கொடுக்கும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டொர்னாடோ வார்னிங்குக்குக் கைபேசி தானாக அலறும்; ஆனால் இடிமழை வார்னிங் எல்லாவற்றுக்கும் அலறாது. மணிக்கு 80 மைல் காற்றோ 2.75 அங்குல ஆலங்கட்டியோ எதிர்பார்க்கப்பட்டால் மட்டுமே, 2021 முதல், அந்த அவசர ஒலி வருகிறது. 70 மைல் காற்று மரத்தைக் கூரைமேல் சாய்க்கப் போதும். அதற்குக் கைபேசி வாய் திறக்காமல் இருந்துவிடலாம். இரவில் புயல் வரும் என்று விளக்கவுரை சொன்னால், படுக்கையருகே பேட்டரியில் இயங்கும் வானிலை வானொலியை வைத்துக்கொள்ளுங்கள்; மொபைல் ஹோம் எனப்படும், இடம்பெயர்க்கக்கூடிய எடை குறைந்த வீடுகளில் இருப்பவர்கள், உறுதியான கட்டடத்தில் யார் வீட்டுக்குப் போவது என்பதை வாட்ச் வரும்போதே பேசி முடித்துவிடுங்கள்.