பெங்களூரு சித்ர சந்தே: வரைந்தவர் கையிலிருந்தே ஒரு படம்

பெங்களூரின் குமாரகிருபா சாலை மற்ற நாட்களில் யாரும் நின்று பார்க்கிற இடம் இல்லை. கோல்ஃப் மைதானம், நட்சத்திர விடுதி, அரசு விருந்தினர் மாளிகை, காந்தி பவன் என்று வரிசையாக இருந்தாலும், வண்டிகளின் வேகத்தில் எதுவும் கண்ணில் தங்காது. ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பெரும்பாலும் ஜனவரியின் முதல் ஞாயிறு, அங்கே வண்டி ஓடாது. காலையிலிருந்து இருட்டும் வரை சாலையின் இரண்டு பக்கமும் ஓவியங்கள். நடுவில் ஜனங்கள்.

கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் 2003இல் தொடங்கிய இந்த நாளுக்குச் சித்ர சந்தே, அதாவது ஓவியச் சந்தை, என்று பெயர். வீட்டுக்கு ஒரு கலைப்படைப்பு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். ஏறத்தாழ 1,500 ஓவியர்கள் வருகிறார்கள். பார்க்க வருபவர்கள் லட்சக்கணக்கில். கர்நாடகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் படங்களைச் சுருட்டிக்கொண்டு வந்து, சாலையோரத்தில் மாட்டிவிட்டு, பக்கத்தில் தாங்களே நிற்கிறார்கள். 2021இல் கொரோனாவால் இணையவழியில் நடந்தது. மற்றபடி இது தெருவில் கால் வலிக்க நடந்து பார்க்க வேண்டிய விழா.

2024 ஜனவரி 7 அன்று நடந்த சந்தைக்கு என் தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மாமா சேலத்தில் பேனர் ஆர்ட்டிஸ்ட்டாக இருந்தவர். தியேட்டர் வாசலில் இருபதடி உயரத்தில் நிற்கும் முகங்களை வரைந்த கை. சின்னப் புகைப்படத்தில் பேனாவால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் சாக்பீஸால் இழுத்து, கட்டத்துக்குக் கட்டம் முகத்தைப் பெரிதாக்குவார். துணிக்கு வச்சிரப் பசை காய்ச்சி வெள்ளைப் பவுடர் கலந்து பூசுகிற வாசனை என் சின்ன வயதில் பாட்டி வீட்டுத் திண்ணை முழுக்க இருக்கும். பிளெக்ஸ் வந்த பிறகு கடைப் போர்டும் கல்யாண மண்டப லெட்டரிங்கும் செய்தார். பிறகு அதுவும் நின்றுபோனது. அவரை இந்தச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சேலத்தில் இரவுப் பேருந்து ஏறினால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக விடிவதற்குள் பெங்களூரு. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை 7 மணிக்குத்தான் தொடங்கும் என்பதால் ஆட்டோ பிடித்து மல்லேஸ்வரம் போய், வீணா ஸ்டோர்ஸ் வாசலில் நின்றபடியே இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து சேஷாத்ரிபுரம் வழியாகச் சிவானந்தா சர்க்கிள் வரை வந்தால் எஃகு மேம்பாலத்துக்கு அப்பால் சாலை மூடியிருந்தது. இறங்கி நடந்தோம்.

சீக்கிரம் போவதன் பலன் உடனே தெரிந்தது. படங்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் காகித ஓவியங்களை மாட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெண். கலபுரகியிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்த மூன்று மாணவர்கள் கான்வாஸை நடைபாதையில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தார்கள். மாமா பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் குனிந்து, கான்வாஸின் பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டார். அந்தப் பையனும் திருப்பிக் காட்டினான். “துணியை நல்லா இழுத்து ஆணி அடிச்சிருக்கான் பாப்பா”. அன்றைக்கு அவர் சொன்ன முதல் பாராட்டு அதுதான்.

ஒவ்வோர் ஆண்டும் சந்தையை யாருக்காவது சமர்ப்பிப்பது வழக்கம். அந்த ஆண்டு விஞ்ஞானிகளுக்கு. சந்திரயான் 3 நிலவில் இறங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதைவிட, முந்தைய நாள் மாலைதான் ஆதித்யா எல்1 சூரியனை நோக்கிய தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. நடந்த தூரத்தில் எத்தனை ராக்கெட், எத்தனை நிலா! அவசரத்தில் வரைந்தவை சில, மனசு வைத்து வரைந்தவை சில. எனக்குப் பிடித்தது ஒரு சிறிய நீர்வண்ணப் படம்: மொட்டை மாடியில் வடாம் காயப்போட்ட பாயின் ஓரத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு பாட்டி. ராக்கெட்டே இல்லை. விலை கேட்பதற்குள் போய்விட்டது.

மைசூரு ஓவியங்கள் இருந்த பகுதியில்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். தஞ்சாவூர் ஓவியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரே குடும்பத்தின் அடக்கமான உறவு என்று தெரியும். விஜயநகரம் சரிந்த பிறகு அந்த மரபின் ஓவியர்கள் தெற்கே பல அரசவைகளுக்குப் பிரிந்து போனார்கள். ஒரு கிளை மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் செழித்தது, இன்னொன்று தஞ்சாவூரில். நம்முடையதில் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்த மேடு தடிப்பாக எழும்பும், அதன் மேல் தங்கத் தகடு, கண்ணாடிக் கற்கள். மைசூரில் மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் உண்டு. தங்க ரேக்கு மெல்லியது, கல் பதிப்பதில்லை, முகத்தின் கோடுதான் வேலை. அங்கே நின்ற ஓவியரம்மா, நகையின் ஒவ்வொரு முத்தையும் எந்தப் பிரஷ்ஷால் வைத்தார் என்று எடுத்துக் காட்டினார். அதில் முடி நாலைந்துதான் இருக்கும். மாமாவுக்குக் கன்னடம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள், பாதி கையால். “இருபதடி முகத்துக்கு நான் போட்ட பிரஷ் இவ்வளவு அகலம்” என்று மாமா உள்ளங்கையை விரித்ததும் அந்த அம்மா சத்தமாகச் சிரித்து, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு அதைச் சொன்னார்.

கேலரியில் இது நடக்காது. கேலரிகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக மாமாவைப் போன்றவர்களுக்குத் தயக்கம் இருக்கிறது. விலைச்சீட்டு இருக்காது, கேட்கவும் கூச்சம். சாலையில் கதவே கிடையாது. கறிகாய்ப் பையோடு வந்தவர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றியவர்கள், வேலை முடிந்து சீருடையோடு வந்த செக்யூரிட்டிக்காரர் எல்லோரும் ஒரே படத்தின் முன் நிற்கிறார்கள். நூறு ரூபாய் அஞ்சலட்டைப் படத்திலிருந்து லட்சத்தைத் தொடும் கான்வாஸ் வரை இருக்கிறது. வாங்குபவர் கொடுக்கும் பணம் வரைந்தவரின் கைக்கே நேராகப் போகிறது.

மலைநாட்டுச் சித்தாரா ஓவியத்தை நான் முதலில் நேரில் பார்த்தது இங்கேதான். சிவமொக்கா மாவட்டத்துச் சாகர் பக்கம் தீவரு சமூகப் பெண்கள், கல்யாணம் வந்தால் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவுக் குழம்பால் போடுவது. புளிச்சை இனச் செடியின் நாரைத் தட்டி எடுத்ததுதான் பிரஷ். கறுப்புக்கு வறுத்துக் கருக்கிய அரிசி. நேர்கோடுகளை நெருக்கி நெருக்கி இழுத்து மணமேடையும் பல்லக்கும் தேரும் எழுப்புகிறார்கள். ஸ்கேல் வைத்த மாதிரி கோடு ஓடுகிறது, ஆனால் கையில் ஸ்கேல் கிடையாது. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் கையின் ஓட்டம் உடனே புரிந்தது. சாலையோரத்தில் உட்கார்ந்து, துணி ஒட்டிய அட்டையில் ஒரு அம்மா போட்டுக்கொண்டே இருந்தார். யார் நின்றாலும் தலை நிமிரவில்லை. உள்ளங்கை அளவு ஒன்றை வாங்கிக்கொண்டேன், பேரம் பேசவில்லை.

பேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தை என்று பெயர் இருப்பதாலேயே பாதி விலைக்குக் கேட்பவர்களை அன்று நிறையப் பார்த்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த படத்தை “ஐநூறுக்குத் தருவியா” என்று வரைந்தவரின் முகத்துக்கு நேரே கேட்பது எனக்கு வலிக்கிறது. கையில் இருக்கிற காசுக்குள் வருகிற சிறிய படத்தை முழு விலை கொடுத்து வாங்கலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் சிலர் தாங்களாகவே குறைத்துக் கொடுக்கிறார்கள், திரும்பத் தூக்கிக்கொண்டு போகும் பாரம் அவர்களுக்கும் இருக்கிறது.

அச்சடித்த நகல்களும் கலந்திருக்கின்றன. நகல் என்று சொல்லி விற்பதில் தப்பில்லை, குறைந்த காசுக்கு நல்ல படம் கிடைக்கும். சொல்லாமல் விற்பவர்களும் உண்டு. மாமா கற்றுக்கொடுத்தது: எதிரே நிற்காதே, பக்கவாட்டில் போய் வெளிச்சம் சாய்ந்து விழுகிற மாதிரி பார். பிரஷ் போன தடம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால் கை வேலை. எல்லாம் ஒரே வழவழப்பாக இருந்தால் கேட்டுப் பார். படத்தை விரலால் மட்டும் தொடாதே.

பார்த்த எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். தியானத்தில் இருக்கும் புத்தர், ஓடும் ஏழு குதிரைகள், மயிலிறகோடு கிருஷ்ணர் பத்தடிக்கு ஒருமுறை வருகிறார்கள். விற்பது அதுதான், அதனால் வரைகிறார்கள். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஓவியர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கோவில் பிராகாரங்களை நீர்வண்ணத்தில் வரைபவர். கல்லின் மேல் மதிய வெயில் விழுவதை அப்படியே பிடித்திருந்தார். “பெருசு பார்க்கறதுக்குங்க, சிறுசு விக்கிறதுக்கு” என்றார். முன்வரிசையில் சின்னப் பிள்ளையார்கள், பின்னால் அவர் மனசுக்கு வரைந்த நாலடிப் படம். பிள்ளையார்கள் விற்றால் வண்டிச் செலவும் சாப்பாடும் கட்டிவிடும். பெரியதை யாராவது நின்று பார்த்து, நம்பர் வாங்கிக்கொண்டு போய், ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுவார்களாம்.

அவரிடம் பேசிவிட்டு வந்த பிறகு எனக்குள் ஒரு ஆதங்கம் ஏறிக்கொண்டது. சென்னை ஓவியக் கல்லூரி 1850இல் தொடங்கியது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல், மெழுகு வைத்துச் சாயம் போட்ட பாத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையே எழுப்பினார்கள். கும்பகோணத்திலும் கல்லூரி இருக்கிறது, மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஓவியர்களே தெருவில் நின்று விற்க, ஊரே திரண்டு வந்து வாங்குகிற இவ்வளவு பெரிய நாளை நம் ஊர்களில் நான் பார்த்ததில்லை. மாநகராட்சி ஒரு சாலையை ஒரே ஒரு ஞாயிறு மூடினால் போதும். சேலத்திலோ மதுரையிலோ கோவையிலோ அதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பதினொரு மணிக்கு மேல் கூட்டம் நெரிந்தது. சுருமுரி என்கிற காரப்பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பரிஷத் வளாகத்துக்குள் ஒதுங்கினோம். 1960இல் தொடங்கிய இந்த நிறுவனத்தைக் கட்டி வளர்த்தவர் எம்.எஸ். நஞ்சுண்டராவ். கிராமம் கிராமமாகப் போய் அவர் சேகரித்த தோற்பாவைகள் இங்கே இருக்கின்றன. ராமனும் ராவணனும் சிவப்பும் கறுப்புமாக, துளைகள் வழியே வெளிச்சம் வர நிற்கிறார்கள். பெங்களூருக்கு வெளியே தாதகுனி தோட்டத்தில் வாழ்ந்த ரஷ்ய ஓவியர் ஸ்வெதாஸ்லாவ் ரோரிக்கின் ஓவியங்களுக்குத் தனி அரங்கு உண்டு. இவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் சந்தை இல்லாத ஒரு நாளில் வாருங்கள்.

வெளியே வந்தபோது ஒரு கல்லூரி மாணவி பென்சிலில் எதிரே இருப்பவரின் முகத்தை வரைந்துகொண்டிருந்தாள். மாமா அவள் பின்னால் நின்றார். “மூக்கு நிழலைத்தான் மொதல்ல போடறா. அதுதான் சரி. கண்ணை மொதல்ல போட்டா முகம் கோணிப்போகும்.” அவள் தமிழ்ப்பெண். திரும்பிப் பார்த்து, “தாத்தா, நீங்களும் வரைவீங்களா?” என்றாள். “வரைஞ்சேன்மா” என்றார். அவள் பென்சிலை நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் மாமா அங்கிருந்து நேராக விசாரணை மேசைக்குப் போய், இங்கே இடம் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கச் சொன்னார். சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும், வரைந்த படங்களின் புகைப்படமும் வேண்டும் என்றார்கள்.

மாமாவிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. படம் தியேட்டரை விட்டுப் போனதும் பேனரை இறக்கி, அதே துணியில் வெள்ளையடித்து அடுத்த முகத்தை வரைவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். முப்பது வருட வேலை ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்துபோயிருக்கிறது.

திரும்பும் பேருந்தில் ஓசூர் வரும்வரை மாமா கணக்குப் போட்டார். எத்தனை படம், என்ன அளவு, கான்வாஸா துணியா. ஆடிக்குள் நாலு படம் முடிக்க வேண்டும் என்று முடிவானது. பிரேம் அடிக்கத் தச்சரும் அவருக்குத் தெரிந்தவர்தான். முதல் படத்துக்கு என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: பழைய ஆல்பத்தில் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைத் தேடி எடுத்து, கட்டம் போடும் அளவுக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தர வேண்டும்.