பாட்டிலில் ஊர் பெயர் இல்லை

ஜூலை மாதம் கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் சாயங்காலம் ஆறு மணி வரை வெளியே தலைகாட்ட முடியாது. 38, 40 டிகிரி என்று காயும். அப்புறம் பொழுது சாயும் நேரத்தில் தென்மேற்கிலிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துவிடுவோம். டெல்டா பிரீஸ் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். குடிவந்த புதிதில் அது உடம்புக்கு இதமான காற்று என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அதை நம்பி ஒரு ஒயின் திராட்சை விவசாயமே நடக்கிறது என்பது, ஊருக்குத் தெற்கே அரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் கிளார்க்ஸ்பர்க் பக்கம் போன பிறகுதான் புரிந்தது.

வடக்கிலிருந்து சாக்ரமெண்டோ ஆறும் தெற்கிலிருந்து சான் வாகீன் ஆறும் வந்து கலக்கிற இடம் இது. கழிமுகம், அதாவது டெல்டா, என்றால் கடலைத் தொடும் இடத்தில் ஆறு விசிறி மாதிரி விரியும் என்றுதான் படித்திருப்போம். இங்கே தலைகீழ். உள்நாட்டிலேயே நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து கிடந்துவிட்டு, கடைசியில் எல்லாம் ஒன்றுசேர்ந்து கார்கினஸ் நீரிணை என்ற ஒரு இடுக்கு வழியாக சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை நோக்கிப் போகிறது. தண்ணீர் வெளியே போகும் அதே இடுக்கு வழியாகத்தான் காற்று உள்ளே வருகிறது. பகலெல்லாம் காய்ந்த பள்ளத்தாக்கின் சூடான காற்று மேலே எழும்ப எழும்ப, பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று அந்த வாய் வழியாக இழுபட்டு ஆற்றோடு ஏறி வந்துவிடும்.

திராட்சைக்கு இதனால் என்ன? பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றும். ராத்திரியும் வெக்கையாகவே இருந்தால் பழம் தன்னிடம் இருக்கிற புளிப்பைத் தானே எரித்துத் தீர்த்துவிடும், அந்தப் பழத்தில் செய்யும் ஒயின் வெறும் இனிப்புச் சாறு மாதிரி சப்பென்று ஆகிவிடும். காற்று வந்து ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும்போது அந்தப் புளிப்பு தங்குகிறது. பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்துத் திராட்சையான செனின் பிளாங்க் இவ்வளவு வெயில் அடிக்கிற இடத்தில் நன்றாக வருவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று பெட்டீட் சிரா, கறுப்பு மையாக இறங்கும் சிவப்பு ஒயின். கிளார்க்ஸ்பர்க் என்றால் இந்த இரண்டுதான். 1984-லேயே தனி ஒயின் வட்டாரமாக அரசு அங்கீகாரம் பெற்ற இடம் இது.

கொஞ்சம் தெற்கே லோடை என்ற இன்னொரு திராட்சை ஊர். மண் அங்கே மணல் கலந்தது, மொகலம்னி ஆறு கொண்டுவந்து போட்டது. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சிக்கு மணல் ஒத்துக்கொள்ளாது. அதனால் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் நூறு வயதுக் கொடிகளை லோடையில் இன்றும் பார்க்கலாம். 1886-ல் நட்ட சின்சோ என்ற வகைத் திராட்சைத் தோட்டம் ஒன்று இன்னும் காய்க்கிறது. பந்தலும் கம்பியும் இல்லாமல், கவாத்து செய்து செய்து முண்டும் முடிச்சுமாகத் தனித்தனி மரம் போலவே நிற்கிற கொடிகள். கையால் தொட்டுப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை.

சரி, ஆதங்கத்துக்கு வருகிறேன். கிளார்க்ஸ்பர்க்கில் விளையும் திராட்சையில் பெரும்பகுதி அங்கே ஒயினாவதில்லை. லாரியில் ஏறி வெளியூர் ஆலைகளுக்குப் போகிறது, வேறு ஊர்ப் பழங்களோடு கலக்கிறது, பாட்டிலில் 'கலிபோர்னியா' என்று மட்டும் அச்சாகி வருகிறது. லேபிளில் ஒரு வட்டாரத்தின் பெயரைப் போட வேண்டுமென்றால் 85 சதவீதம் பழமாவது அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கலந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இவ்வளவு நல்ல பழத்தைக் கொடுக்கிற ஊரின் பெயர் குடிக்கிறவருக்குத் தெரியாமலே போவது எனக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை.

பெயர் விடுபட்டது இந்தக் கழிமுகத்தில் பழத்துக்கு மட்டுமல்ல. ஆறும் சதுப்பும் கோரையுமாகக் கிடந்த இடத்தை வயலாக்கிய கரைகள் மொத்தம் 1,700 கிலோமீட்டருக்கு மேல். 19-ஆம் நூற்றாண்டில் அவற்றில் ஆரம்பக் கரைகள் பலவற்றை மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகப் போட்டுக் கொடுத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். நிலத்தை மீட்டுக் கொடுத்தவர்களே அந்த நிலத்தை வாங்கக் கூடாது என்று 1913-ல் மாநிலம் சட்டம் போட்டது. அதனால் 1915-ல் லாக் என்ற ஊரை அவர்கள் குத்தகை மண்ணில் கட்டிக்கொண்டார்கள். அந்த மரவீடுகள் இன்றும் கரைக்குக் கீழே சரிந்தும் சாய்ந்தும் நிற்கின்றன. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலம் சொந்தமாக விற்பனைக்கு வந்தது 2004-ல்தான்.

அதே 2004 ஜூனில், மழையே இல்லாத ஒரு வெயில் நாளில், ஜோன்ஸ் டிராக்ட் என்ற இடத்தில் கரை உடைத்துக்கொண்டு சுமார் 12,000 ஏக்கர் முழுகியது. கழிமுகத்தின் நடுப்பகுதியில் மண் என்பது ஆயிரக்கணக்கான வருடங்களாக மட்கிய கோரைதான். காயவைத்து உழுதால் காற்றுப் பட்டுக் கரைந்து இறங்கிக்கொண்டே போகும். சில தீவுகள் இப்போது கடல் மட்டத்துக்கு ஏழு மீட்டர் வரை கீழே. கொடி நட்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் வடக்கே, களி கலந்த கெட்டி மண்ணில் இருப்பதால் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கரை மேல் கார் ஓட்டிப் போகும்போது ஒரு பக்கம் ஆறு உயரத்திலும் மறுபக்கம் தோட்டம் பள்ளத்திலும் தெரிவது வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

இந்தப் பக்கம் ஒயினுக்காக வருகிறவர்கள் பேர்பெற்ற நாப்பா பள்ளத்தாக்குக்குத்தான் போகிறார்கள். போங்கள், அழகான இடம். ஒரு நாள் மட்டும் இங்கே ஒதுக்குங்கள். செப்டம்பர் என்றால் இன்னும் நல்லது, அறுவடை நடக்கும். கிளார்க்ஸ்பர்க்கில் 1930-களில் கட்டிய பழைய பீட்ரூட் சர்க்கரை ஆலை ஒன்று இருக்கிறது. 1993-ல் மூடிய அந்தக் கட்டடத்துக்குள் இப்போது பல சின்ன ஒயின் கடைகள். அங்கே செனின் பிளாங்க் கேளுங்கள், வாங்குவதற்கு முன் லேபிளில் ஊர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இருட்டும்வரை வெளியே உட்கார்ந்திருங்கள், காற்று வரும்.