கடன் கோப்பில் நான் கேட்காத கேள்வி

ராமேசுவரம் தீவில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவு அலுவலராக நான் பொறுப்பேற்ற சில மாதங்களில், 2022 டிசம்பரில், பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, யாத்ரீகர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ரயிலை விட்டு இறங்கி, சாலைப் பாலத்தின் வழியாகவே தீவுக்குள் வந்தார்கள். அந்த இரண்டேகால் ஆண்டுகளில் எங்கள் கிளைக்கு வந்த ஆட்டோக் கடன் விண்ணப்பங்கள் மளமளவெனப் பெருகின.

கடன் கொடுக்கும் முறையும் அதற்குள் மாறியிருந்தது. சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாத ஓட்டுநர் ஒருவர், முன்பெல்லாம் ஜாமீன்தாரரைத் தேடி அலைந்து, கிடைக்காமல் தண்டல்காரரிடம் போய் நிற்பார். இப்போதோ, பயணிகள் யுபிஐ வழியாகச் செலுத்திய தொகைகளே அவருடைய வருமானத்துக்குச் சான்றாகக் கணக்கில் பதிவாகியிருந்தன. ஏழைக்கு வங்கியின் கதவைத் திறந்த மாற்றம் அது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அவ்வளவு விரைவாக நகர்ந்த அந்தக் கோப்பில், வண்டி எதில் ஓடுகிறது என்பதற்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை. உண்மையில் பேட்டரி ஆட்டோவுக்குத்தான் கூடுதல் கேள்விகள் எழுந்தன: பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும், உப்புக்காற்றில் இணைப்புகள் என்னவாகும், தவணை தவறினால் மறுவிற்பனையில் என்ன கிடைக்கும். டீசல் வண்டிக்கு இரண்டு நாளில் முடிந்த வேலை இதற்கு வாரக்கணக்கில் நீண்டது. தங்கச்சிமடத்து ஓட்டுநர் ஒருவர், "பேட்டரி வண்டி எடுக்கலாம்னு பாக்குறேன் சார், பாலத்து நடுவுல சார்ஜ் எறங்கிருச்சுன்னா என்ன செய்றது?" என்று கேட்டபோது, "டீசலே எடுத்துருங்கண்ணே, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று சொன்னவன் நான்தான். அன்றைக்கு அதைத் தவறாகவே நான் எண்ணவில்லை.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அது வானத்தின் கணக்கு. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நெருக்கமாக நின்று இயங்கும் வண்டிகளின் புகை, அங்கே நாள் முழுவதும் அமர்ந்து சங்கும் சிப்பியும் விற்பவர்களின் நுரையீரல் கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. பேட்டரி ஆட்டோ தெருப்புகையை உடனே நீக்கிவிடும். கரியமில வாயுவையோ பெருமளவு அனல் மின்நிலையத்துக்கு இடம் மாற்றுகிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வெளியேறும் நிலையில், வண்டிக்குக் கடன் கொடுப்பதோடு கூரையில் சூரியத் தகடு பொருத்தவும் கொடுத்தால்தான் கணக்கு நேராகும்.

கூரைக்கான வழி 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் கிடைத்தது. விண்ணப்பம், மின்வாரியத்தின் ஒப்புதல், வங்கிக் கடன் ஆகிய மூன்றும் இணையவழியிலேயே நடந்தன. 3 கிலோவாட் அமைப்புக்கான 78,000 ரூபாய் மானியம் நேராகக் கணக்கில் வந்தது. அத்தகைய அமைப்பு இந்த வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். வேகமான கடனும் பசுமைக் கடனும் ஒரே கோப்பில் சந்தித்ததை நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்பு நெறிமுறையிலும், அதாவது சூழலுக்கு உகந்த பணிகளுக்கென்று வங்கிகள் திரட்டும் வைப்புத்தொகைக்கான விதிகளிலும், தூய போக்குவரத்துக்கு இடமுண்டு. அந்தப் பணம் எங்கள் ஆட்டோ நிறுத்தம் வரைக்கும் வந்துசேர வேண்டும் என்பதே என் ஆசை.

தங்கச்சிமடத்து ஓட்டுநர் சென்ற மாதம் மீண்டும் வந்தார். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்தியாயிற்று, இனி பேட்டரி வண்டிக்கு மாறலாமா என்று கேட்டார். கணினியில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். டீசல் ஆட்டோவுக்கு இன்னும் 14 தவணைகள் பாக்கி இருந்தன.