பை 2-ல் டெபியன் 13: வழிவிடாத லிப்எஸ்எஸ்எல்3

ராஸ்ப்பெரி பை 2 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒருவழியாக டெபியன் 13 லினக்ஸுக்கு வந்துவிட்டது. முட்டத்தில் மொட்டைமாடி ஆன்டெனாவோடு கப்பல்கள் தாங்கள் யார், எங்கே என்று அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே போர்டுதான். பேக்கப், பேக்கேஜ்கள் வரும் சோர்ஸ் லிஸ்டை டிரிக்ஸிக்கு (டெபியன் 13-ன் பெயர்) மாற்றுவது எல்லாம் வழக்கம்போல. ஃபுல்-அப்கிரேடில்தான் மாட்டியது: ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ் என்று சொல்லி, பேக்கேஜ்களை ஏற்றி இறக்கும் ஆப்ட் நின்றுவிட்டது.

அந்த ஒரு வரியை வைத்து ஒன்றும் விளங்காது. ஆப்ட் எங்கே முட்டுகிறது என்று வரிவரியாகக் காட்டும் பிராப்ளம் ரிசால்வர் டீபக்கை ஆன் செய்து, எதையும் உண்மையில் மாற்றாத சிமுலேட்டில் ஓட்டினேன். கொட்டுகிற வரிகளில் முதல் 'புரோக்கன்' எது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதன் வால். எனக்கு அங்கே நின்றது லிப்எஸ்எஸ்எல்3 என்ற என்கிரிப்ஷன் லைப்ரரி. அதைப் பிடித்துவைத்திருந்தது, வெளியிலிருந்து டெப் ஃபைலாக இறக்கி அப்கிரேட் ஆகாதபடி நான் ஹோல்ட் போட்டிருந்த, சிக்னலைப் படித்துச் சொல்லும் ஏஐஎஸ் டிகோடர்.

டிரிக்ஸியில் அந்த லைப்ரரிக்குப் பெயர் லிப்எஸ்எஸ்எல்3டி64. 64-பிட் கம்ப்யூட்டரில் இது தொந்தரவே இல்லை; புதிய பேக்கேஜ் பழைய பெயருக்கும் தானே பொறுப்பேற்கும். 32-பிட் ஆர்ம் புராசஸரில், அதாவது இந்த போர்டில், அப்படி ஏற்காது, ஏற்கவும் கூடாது. 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07-ஐத் தாண்டினால் 32-பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும் என்பதால் நேரத்தை வைக்கும் டைம்_டி என்ற டைப்பை 64 பிட் ஆக்கிவிட்டார்கள். இரண்டு பேக்கேஜிலும் உள்ளே இருக்கும் ஃபைலின் பெயர் ஒன்றே. ஆகவே இரண்டும் சேர்ந்து இருக்க வழியில்லை.

நாகர்கோவில் நண்பன், "ஃபோர்ஸ்-டிபென்ட்ஸ் போட்டு ஏத்துலே மக்கா, ஓடும்" என்றான்; தேவையான பேக்கேஜ் இல்லாவிட்டாலும் வலுக்கட்டாயமாக ஏற்றும் ஆப்ஷன் அது. ஓடும்தான். ஆனால் சர்டிஃபிகேட் காலாவதியைச் சரிபார்க்கும் இடத்தில் பழைய புரோகிராம் 4 பைட் நேரத்தைக் காட்ட, புது லைப்ரரி 8 பைட்டாக வாசிக்கும். மீதி 4 பைட்டில் பக்கத்தில் கிடக்கும் குப்பை. எர்ரரே வராமல் தப்பாக ஓடுவதைவிட ஓடாமல் கிடப்பது நல்லது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஹோல்டை எடுத்து, டிகோடரை ரிமூவ் மட்டும் செய்தேன். பர்ஜ் போட்டால் கான்ஃபிக், அதாவது செட்டிங் ஃபைல்களும் போய்விடும். அடுத்த ஃபுல்-அப்கிரேட் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு டிகோடரை சோர்ஸிலிருந்து பில்ட் செய்தேன். 1 ஜிபி ராம் போர்டில் பில்ட் செய்யும் மேக்குக்கு ஜே4 (ஒரே நேரத்தில் நான்கு வேலை) கொடுக்காதீர்கள், ஜே2 போதும். புரோகிராம் எந்தெந்த லைப்ரரியைப் பிடிக்கிறது என்று காட்டும் எல்டிடி போட்டுப் பார்த்தால் எல்லா லைப்ரரியும் தன் இடத்தில். குமரி முனையைச் சுற்றிக் கொழும்புப் பக்கம் போகும் கப்பல்கள் மறுபடி மேப்பில் வந்துவிட்டன!

பூட் ஆனதும் டிகோடரைத் தானே ஓடவைக்கும் சிஸ்டம்டி சர்வீஸ் இன்னும் எழுதவில்லை, கையால்தான் ஸ்டார்ட் செய்கிறேன். அதற்குள் மனசு ஆன்டெனாவுக்குப் போய்விட்டது. உப்புக்காற்றில் பழைய கம்பி பச்சை பூத்துவிட்டது. ஏஐஎஸ் வரும் 162 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை சுமார் 46 செ.மீ.; திங்கள்சந்தை ஹார்டுவேர் கடையில் பித்தளைக் கம்பி சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், முழு நீளம் வாங்க வேண்டியதில்லை.